ஓணான் ஒட்டிய ஐந்து நட்சத்திரம்

நீர்க்காத்தான் குளத்தின் வடகரையில் பெருச்சாளி மரகதவல்லியின் வளை இருந்தது. அந்தக் காட்டிலேயே சுத்தமான வளை அதுதான். இதைச் சொன்னது மரகதவல்லியேதான். மற்றவர்கள் சொல்ல வாய் திறப்பதற்குள் அவளே சொல்லிவிடுவாள்.

காலையில் கண் விழித்ததும் அவள் வளையின் மேல் ஏறுவாள். வாலைச் சுழற்றி ஒரு சருகு விடாமல் பெருக்கித் தள்ளுவாள். எங்காவது ஒரு புல் தலை காட்டினால் வேரோடு பிடுங்குவாள். கூரை மண் மொட்டைத் தலை மாதிரி வெயிலில் மின்னும். பிறகு பக்கத்து வளையின் கூரையைப் பார்த்து ஒரு "ச்சே" சொல்லிவிட்டுத்தான் இறங்குவாள்.

பக்கத்து வளை முள்ளம்பன்றி பிச்சாண்டியுடையது. அவன் பிரம்மச்சாரி. காட்டில் அவனுக்குப் பெண் கொடுக்க யாரும் முன்வரவில்லை. அவனும் எழுந்து போய்க் கேட்கவில்லை. அவன் கூரையில் எருக்கும் நாயுருவியும் இடுப்பளவு வளர்ந்திருந்தன. மூன்று வருஷத்துச் சருகு மெத்தை மாதிரி கிடந்தது. நடுவில் ஒரு விரிசல் வேறு. அது போன ஐப்பசி மழையில் விழுந்தது.

"ஏம்ப்பா பிச்சாண்டி, உன் வீட்டு மேல காடே முளைச்சிருக்கே. கொஞ்சம் பெருக்கினா என்ன?"

"நாம இருக்கிறதே காட்டுலதானே அக்கா" என்பான் பிச்சாண்டி, ஒரு கண்ணை மட்டும் திறந்து.

"அந்த விரிசலையாவது அடைக்கலாமில்ல?"

"அடைக்கணும், அடைக்கணும்." அந்தக் கண்ணும் மூடிக்கொள்ளும்.

இப்படிப்பட்டவனுக்குப் பக்கத்தில் குடியிருக்க நேர்ந்ததே என்று மரகதவல்லி தன் புருஷன் சிங்காரத்திடம் தினமும் புலம்புவாள். சிங்காரம் தினமும் "ஆமாம் மரகதம்" என்பான். பதினாலு பிரசவம் பார்த்த குடும்பம். அவன் எப்போதோ பாடம் படித்துவிட்டான்.

அந்தக் காட்டில் ஒரு வழக்கம் உண்டு. வெயில் காலம் வந்தால் வீட்டுக்கு ஒரு வௌவாலை வேலைக்கு வைப்பார்கள். வௌவால் உள்கூரையில் தலைகீழாகத் தொங்கிக்கொண்டு இறக்கையை விசிறும். வீட்டுக்காரர்கள் கீழே காலை நீட்டிப் படுத்துக் காற்று வாங்குவார்கள். கூலி, வயிறு நிறைய அத்திப்பழம்.

மரகதவல்லி வீட்டு வௌவாலின் பெயர் அந்தோணி. பகலில் தூங்குகிற குலத்தில் பிறந்து பகல் முழுக்க விசிற வேண்டியிருந்ததால் அவன் எப்போதும் கொட்டாவி விட்டபடியே இருப்பான். நடுவே இரண்டு நிமிஷம் கண் அயர்ந்தால் போதும். "அந்தோணி, நின்னுபோச்சு பார்" என்று கீழேயிருந்து குரல் வரும்.

அந்த வருஷம் அத்தி மரங்கள் சரியாகக் காய்க்கவில்லை. வீட்டுக்கு வீடு வௌவால். அத்தனை வௌவாலுக்கும் பழத்துக்கு எங்கே போவது? கத்திரி வெயில் பிறக்கும் முன்பே பாதி மரங்கள் மொட்டையாகிவிட்டன.

யானை ஒரு கூட்டம் போட்டது. "இனி வௌவால் இல்லாமலே குளிர்ச்சியாக இருக்கிற மாதிரி எல்லாரும் வீட்டை மாற்றிக் கட்ட வேண்டும். மண், கல், களிமண், எல்லாம் இயற்கைப் பொருளாக இருக்க வேண்டும். திட்டத்துக்குப் பெயர் பசுமை இல்லம். நன்றாக மாற்றுகிற வீட்டுக்கு நட்சத்திரம் உண்டு" என்றது.

நட்சத்திரம் என்றதும் எல்லா மிருகமும் நிமிர்ந்து உட்கார்ந்தன. குளிர்ச்சியை மறந்துவிட்டன.

வீடு வீடாகப் போய் நட்சத்திரம் கொடுக்க ஓர் அதிகாரி வேண்டுமே? ஆந்தை பகலில் விழிக்காது. ஆமை முதல் வீட்டைப் பார்த்து முடிப்பதற்குள் மார்கழி வந்துவிடும். குரங்கை யாரும் வீட்டுக்குள் விடத் தயாராக இல்லை. ஓணான் கனகசபாபதி மட்டும் முன்வரிசைப் பாறையில் உட்கார்ந்து, யானை சொன்ன ஒவ்வொரு வார்த்தைக்கும் தலையை ஆட்டிக்கொண்டிருந்தது. இவ்வளவு புரிதல் உள்ளவரை விடக்கூடாது என்று யானை அதையே அதிகாரியாகப் போட்டுவிட்டது.

முதல் வாரத்திலேயே முயல் கோமளா வீட்டுக்கு மூன்று நட்சத்திரம் கிடைத்தது. கிளிஞ்சலில் வெட்டிய நட்சத்திரம். ஆலம்பால் தடவி வாசலுக்கு மேலே ஒட்டியிருந்தது. கோமளா அன்றைக்கு மட்டும் நான்கு தடவை குளக்கரைக்கு வந்தாள். நான்கு தடவையும் தண்ணீர் குடிக்கவில்லை.

"எங்களுக்கெல்லாம் எதுக்குங்க இந்த விளம்பரம்? சார்தான் பிடிவாதமா ஒட்டிட்டுப் போயிட்டாரு" என்றாள் மரகதவல்லியிடம். "உங்க வீட்டுக்கு எத்தனை வரும்னு நினைக்கிறீங்க? ஒண்ணாவது வருமில்ல?"

மரகதவல்லிக்கு அப்போது ஆறு குட்டி பிறந்து ஐந்து நாள்தான் ஆகியிருந்தது. ஆறும் இன்னும் கண் திறக்கவில்லை. உடம்பில் முடி வரவில்லை. பிரசவித்த உடம்போடு அவள் நேரே வீட்டுக்குள் போய்ச் சிங்காரத்தை எழுப்பினாள்.

"ஏங்க, அந்த ஓணான் சாரைக் கூட்டிட்டு வாங்க."

"இப்பவா? குட்டிங்க தூங்குதே."

"அந்தக் கோமளா வீட்டுக்கு மூணு. அவ வீட்டுல புழுக்கை பெருக்கி எத்தனை நாளாச்சு தெரியுமா? போங்க."

சிங்காரம் போனான்.

கனகசபாபதி வந்தது. வாசலில் நின்று தலையை ஆட்டியது. உள்ளே வந்து தலையை ஆட்டியது. பிறகு தரையில் வயிற்றைப் பரப்பிப் படுத்துக் கண்ணை மூடிக்கொண்டது. இதுதான் சோதனை. வீட்டார் அனைவரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள்.

"ம்ஹூம்" என்றது ஓணான். "உடம்புக்கு ஒத்து வரலையேம்மா. நல்ல வீடுன்னா படுத்ததும் எலும்பு இளகணும். இங்கே ஏதோ குத்துது. இந்த வளைக்கு எத்தனை வாய்?"

"மூணு சார்" என்றான் சிங்காரம்.

"அதான். எல்லாம் ஒழுகிப் போகுது. ரெண்டை அடைங்க. சுவருக்குக் குளத்து அடியில இருக்கிற கறுப்புக் களிமண்ணைக் குழைச்சுப் பூசுங்க, ஒரு இடுக்கு இருக்கக்கூடாது. கூரை மேல கருங்கல் பலகை பரப்புங்க. எல்லாம் இயற்கைப் பொருள்."

"கூரையைத் தினம் பெருக்கறேன் சார்" என்றாள் மரகதவல்லி. சொல்லாமல் விட்டால் தெரியாமல் போய்விடுமே.

"பார்த்தேன். ரொம்ப நல்ல பழக்கம். ஒரு நிழல் இல்லாம என்ன அழகா வச்சிருக்கீங்க" என்று ஓணான் மனதாரப் பாராட்டியது. "அதுக்காகவே ஒண்ணு ஒட்டிட்டுப் போறேன். மீதி வேலை முடிஞ்சதும் சொல்லி அனுப்புங்க."

ஒன்றே ஒன்று. கோமளாவுக்கு மூன்று. அடுத்த நான்கு நாளும் மரகதவல்லி சிங்காரத்தைத் தூங்க விடவில்லை. தானும் தூங்கவில்லை. களிமண் சுமந்தார்கள். கருங்கல்லை உருட்டினார்கள். இரண்டு வாயையும் அடைத்து, அடைத்த இடம் தெரியாமல் பூசினார்கள். சிங்காரம் ஒரே ஒரு தடவை, "மரகதம், உள்ளே கொஞ்சம் புழுக்கமா இல்ல?" என்று கேட்டான்.

"வேலை செஞ்சா புழுங்கத்தான் செய்யும். வேலை செஞ்சு பழக்கமில்லாதவங்களுக்கு அப்படித்தான் இருக்கும்."

சிங்காரம் அடுத்த கல்லை உருட்டப் போனான்.

ஐந்தாம் நாள் கனகசபாபதி மறுபடி வந்தது. வயிற்றைப் பரப்பிப் படுத்தது. ஒரு நிமிஷம் ஆயிற்று, ஐந்து நிமிஷம் ஆயிற்று. அதன் கழுத்தில் ஒரு சிவப்பு பரவியது. முகத்தில் ஒரு புன்னகை மலர்ந்தது.

"ஆஹா. எலும்பெல்லாம் வெண்ணெய் மாதிரி இளகுதும்மா. இந்தக் காட்டுலயே இப்படியொரு வீடு நான் பார்த்ததில்ல. அஞ்சு."

வாசலில் முன்பே இருந்த ஒன்றோடு இன்னும் நான்கு வரிசையாக ஏறின. மரகதவல்லி அன்றைக்குக் குளக்கரைக்கு ஏழு தடவை போனாள்.

வீட்டுக்குள் இருந்தால் அவளுக்கு மூச்சு வாங்கியது. களைப்பு என்று நினைத்துக்கொண்டாள். பச்சை உடம்பு, கல் சுமந்திருக்கிறோம், வேறென்ன? குட்டிகள் சிணுங்கிக்கொண்டே இருந்தன. பசி என்று நினைத்துக்கொண்டாள். பாலைக் கொடுத்தால் இரண்டு இழுப்பு இழுத்துவிட்டு வாயை எடுத்துவிட்டன. கடைசியில் அந்தோணியின் தம்பியையும் வேலைக்கு வைத்தாள். வௌவாலே வேண்டாம் என்பதற்காக மாற்றிய வீடு. இப்போது கூரையில் இரண்டு வௌவால் தொங்கின.

"சார் என்ன சொன்னாரு, இனிமே வௌவாலே தேவைப்படாதுன்னாரே" என்றான் சிங்காரம்.

"அஞ்சு நட்சத்திர வீட்டுக்கு ரெண்டு வௌவால் இருக்கிறதுதான் மரியாதை" என்றாள் மரகதவல்லி. அதைச் சொல்லும்போது அவளுக்கே கொஞ்சம் இடித்தது. இடித்தால் என்ன, சொல்லியாகிவிட்டது.

கத்திரி பிறந்த நான்காம் நாள் அத்திப்பழம் அடியோடு தீர்ந்தது. அந்தோணி கூரையிலிருந்து இறங்கி வந்து கால் மாற்றிக் கால் மாற்றி நின்றான்.

"அம்மா, நாங்க மலைப் பக்கம் போறோம். அங்கே பழம் இருக்குதாம்."

"எங்கே போறது? கத்திரியில யாராவது வேலையை விட்டுப் போவாங்களா? குட்டிங்க இருக்குப்பா."

"பழம் இல்லாம இறக்கை அசையாதும்மா." அந்தோணி ஒரு கொட்டாவியை விழுங்கினான். "ஒண்ணு சொல்லட்டுமா, தப்பா நினைக்காதீங்க. எல்லா வீட்டுக் கூரையிலயும் நான் தொங்கியிருக்கேன். உங்க வீட்டுக் கூரைக்கிட்டத்தான் இப்ப தலை நிக்கலை. சூடு அத்தனையும் அங்கேதான் வந்து நிக்குது, போக வழியில்லாம. நாங்க அதையேதான் இத்தனை நாளாக் கீழே விசிறிட்டிருந்தோம்."

"அஞ்சு நட்சத்திர வீட்டைப் பத்தி வௌவால் எனக்குச் சொல்ல வந்துட்டியா" என்றாள் மரகதவல்லி. ஆனால் வௌவால்கள் இரண்டும் போன பிறகு அண்ணாந்து கூரையைப் பார்த்தாள்.

அன்று உச்சிப்பொழுதில் வளை இட்லிப் பானை மாதிரி ஆகிவிட்டது. சிங்காரம் ஒரு மூலையில் நாக்கைத் தொங்கப்போட்டுக் கிடந்தான். குட்டிகள் சிணுங்குவதை நிறுத்திவிட்டன. அதுதான் மரகதவல்லிக்கு முதலில் உறைத்தது. சிணுங்குகிற வரை குட்டிக்கு ஒன்றுமில்லை என்று அவளுக்குத் தெரியும். ஆறையும் முகர்ந்து பார்த்தாள். ஐந்து வாயைத் திறந்து திறந்து மூடின. கடைக்குட்டி அதுவும் செய்யவில்லை. மூக்கால் தள்ளினால் துணி மாதிரிச் சரிந்தது.

"ஏங்க, ஓடிப் போய் அந்த சாரைக் கூட்டிட்டு வாங்க. வீட்டுல என்ன கோளாறுன்னு பார்க்கட்டும்."

கனகசபாபதி வந்தது. தரையில் படுத்தது. கண்ணை மூடியது.

"ஒரு கோளாறும் இல்லையேம்மா. போன தடவையைவிட நல்லா இருக்கு."

"சார், என் குட்டி மூச்சு விடலை."

"குட்டிங்கன்னா அப்படித்தான். ஒருவேளை வாசல்ல கொஞ்சம் ஒழுகுதோ என்னமோ. அதையும் பாதி அடைச்சுடுங்க." அது இன்னும் கொஞ்சம் பரந்து படுத்தது. "நான் ஒரு அஞ்சு நிமிஷம் இப்படியே இருந்துட்டுப் போறேன்."

மரகதவல்லி அதற்குமேல் ஒரு வார்த்தை பேசவில்லை. அவள் பேசாமல் இருந்ததைச் சிங்காரம் அவர்கள் கல்யாணத்துக்குப் பிறகு முதல் தடவையாகப் பார்த்தான். கடைக்குட்டியைக் கழுத்தில் கவ்விக்கொண்டு வெளியே ஓடினாள்.

வெளியே எங்கே போவது? கரை முழுக்க நெருப்பு. அவள் கூரையில் கருங்கல் தகித்தது. கோமளா வீடு மூன்று நட்சத்திர வீடு. அங்கே கோமளாவே வாசலில் படுத்து இளைத்துக்கொண்டிருந்தாள். கண்ணுக்கு எட்டின தூரத்தில் பச்சையாகத் தெரிந்தது ஒன்றே ஒன்றுதான். எருக்கும் நாயுருவியும்.

அந்த வாசலில் ஒரே ஒரு நொடி நின்றாள். இத்தனை வருஷமாக "ச்சே" சொன்ன வீட்டு வாசல். பிறகு தலையைக் குனிந்து நுழைந்துவிட்டாள்.

உள்ளே நுழைந்ததும் மூக்கில் ஈர மண் வாசனை அடித்தது. அவள் உடம்பு தானாகவே நின்றது. குளிர்ந்த தரை. எங்கிருந்தோ ஒரு மெல்லிய காற்று மீசையை அசைத்தது. குட்டியைத் தரையில் கிடத்தி நக்கினாள். நக்கிக்கொண்டே இருந்தாள். ரொம்ப நேரம் கழித்துக் குட்டியின் வயிறு ஒரு தடவை ஏறி இறங்கியது. பிறகு இன்னொரு தடவை. பிறகு ஈனமாக ஒரு சிணுங்கல் கேட்டது.

பிச்சாண்டி ஒரு கண்ணைத் திறந்தான். "யாரு, மரகதக்காவா? பெருக்க வந்தீங்களா?"

"பேசாம ஒதுங்கிப் படு, முள் குத்துது. இன்னும் அஞ்சு இருக்கு" என்று சொல்லிவிட்டு அவள் வெயிலில் ஓடினாள்.

ஐந்து தடவை போனாள், ஐந்து தடவை வந்தாள். கடைசி தடவை சிங்காரத்தையும் காதைக் கடித்து இழுத்து வந்தாள். ஓணான் மட்டும் அங்கேயே படுத்திருந்தது. அதற்கு எழுந்திருக்க மனமில்லை.

குட்டிகள் ஆறும் பால் குடிக்கத் தொடங்கிய பிறகுதான் மரகதவல்லி சுற்றிலும் பார்த்தாள். வீட்டுக்காரி கண், எதையும் சும்மா பார்க்காது. மூன்று வாயும் திறந்து கிடந்தன. அடைக்க இவனுக்கு எங்கே நேரம்? மேலே விரிசல். பிச்சாண்டியின் உதிர்ந்த முடி ஒன்று தரையிலிருந்து மெல்ல எழும்பி, ஆடி ஆடி அந்த விரிசல் வழியாக வெளியே போனது. கீழே வாய் வழியாகக் காற்று வருகிறது, சூடாகிறது, மேலே விரிசல் வழியாகப் போய்விடுகிறது. கூரையில் வெயில் விழுந்தால் முதலில் எருக்கிலை மேல் விழ வேண்டும், பிறகு நாயுருவி மேல், பிறகு மூன்று வருஷத்துச் சருகு மேல். அதைத் தாண்டி மண்ணுக்கு வந்து சேர்வதற்குள் வெயிலுக்கே அலுத்துப் போய்விடும்.

"இந்த வீட்டுக்கு என்னதான் பண்ணினே பிச்சாண்டி?"

"நான் ஒண்ணும் பண்ணலையே அக்கா."

"அதைத்தான் கேக்கறேன்" என்றாள் அவள் எரிச்சலோடு. ஒரு சோம்பேறியிடம் பாடம் கற்பதில் அவளுக்கு ஒரு சந்தோஷமும் இல்லை.

சாயங்காலம் கனகசபாபதி பிச்சாண்டி வீட்டு வாசலுக்கு வந்தது. கையில் ஓர் அரசிலை. "பிச்சாண்டி, உன் வீட்டுக்கு ஒரு நட்சத்திரம் கூட இல்ல. எச்சரிக்கை கொடுக்கணும்னு உத்தரவு" என்று உள்ளே வந்து தரையில் படுத்தது. உடனே எழுந்துகொண்டது.

"யப்பா. இது என்ன வீடா, கிணறா? வயிறெல்லாம் மரத்துப் போகுது." வால் நுனியிலிருந்து ஒரு நடுக்கம் ஏறியது. வாசிக்க வந்த எச்சரிக்கையை அது பாதியில் விட்டது. "மரகதம்மா, நீங்க இங்கேதான் இருக்கீங்களா? ஒரு ஒத்தாசை. உங்க வீட்டுல போய்க் கொஞ்சம் சூடு பிடிச்சுட்டு வரட்டுமா?"

மரகதவல்லி குட்டிகளை விட்டு எழுந்தாள்.

"சார், ஒண்ணு கேக்கறேன். பொதுவா உங்களுக்கு எங்கே படுத்தா சுகம்?"

"இதென்ன கேள்விம்மா. உச்சி வெயில்ல, மொட்டைப் பாறை மேல. அதுக்கு ஈடு உண்டா?"

"அப்ப நீங்க எங்க வீட்டுக்கு அஞ்சு கொடுத்தது..."

"அச்சு அசல் பாறை மாதிரியே கட்டியிருந்தீங்களே."

அதன் முகத்தில் துளி கபடம் இல்லை. அது பொய் சொல்லவே இல்லை. எலும்பு இளகணும் என்று முதல் நாளே சொன்னது. ஓணானின் எலும்பா, பெருச்சாளியின் எலும்பா என்று யாரும் கேட்கவில்லை. யானை கேட்கவில்லை, கோமளா கேட்கவில்லை. மரகதவல்லி குளக்கரைக்கு ஏழு தடவை போகத் தெரிந்தவள், அவளும் கேட்கவில்லை. தன் மூச்சு வாங்கியபோது தன் உடம்பை நம்பாமல் வாசலில் ஒட்டிய கிளிஞ்சலை நம்பினாள். அதற்கு ஒரு குட்டியை விலையாகக் கொடுக்க இருந்தாள்.

அவளுக்கு ஓணான் மேல் கோபம் வரவில்லை. வந்ததெல்லாம் தன் மேல்தான். அதை வைத்துக்கொண்டு என்ன செய்வது, வேலைதான் செய்ய வேண்டும்.

மறுநாள் விடியலில் அவள் தன் வீட்டுக் களிமண் பூச்சைப் பல்லால் பெயர்க்கத் தொடங்கினாள். சிங்காரம் பதறிக்கொண்டு வந்தான்.

"மரகதம், அஞ்சு நட்சத்திரம். ஊரு என்ன சொல்லும்?"

"ஊரு வந்து என் குட்டிக்குப் பால் கொடுக்குமா? அந்த மூலையில இருந்து நீங்க பேத்துக்கிட்டு வாங்க."

"நாலு நாள் முதுகொடிஞ்சு பூசினதும்மா."

"தெரியும். நான்தான் பூச வச்சேன். போதுமா? இப்ப பேருங்க."

இந்த வார்த்தையைக் கேட்டதும் சிங்காரம் அவள் சொன்ன மூலைக்குப் போனான். பிறகு ரொம்ப உற்சாகமாகப் பெயர்த்தான்.

கருங்கல்லை எல்லாம் உருட்டிக் குளத்தில் தள்ளினார்கள். அடைத்த இரண்டு வாயையும் திறந்தார்கள். கூரையின் உச்சியில் புதிதாக ஓர் ஓட்டை போட்டாள். மழை வந்தால் ஒழுகாமல் இருக்க அதைச் சாய்வாகக் குடைந்தாள். பிச்சாண்டியின் விரிசலுக்கு இந்த அறிவு இல்லை என்பதை அவனிடம் சொல்லவும் செய்தாள். வாசலில் குளத்துப் பாசியை ஈரத்தோடு தொங்கவிட்டாள். வருகிற காற்று நனைந்து வந்தது. கூரைக்குச் சருகு வாரி வந்தாள். அதில்தான் கஷ்டம். இத்தனை காலம் வெளியே தள்ளிய சருகை உள்ளே கொண்டுவருவதா? கொட்டிவிட்டுத் திரும்பும்போது அவள் வால் தானாகவே சுழலும். வாலைப் பின்னங்காலால் மிதித்துக்கொண்டு இறங்குவாள்.

பத்து நாளில் சருகுக்கு நடுவே அறுகும் எருக்கங்கன்றும் எட்டிப் பார்த்தன. உச்சிப்பொழுதில் குட்டிகள் ஒன்றின் மேல் ஒன்று ஏறி உருண்டன. ஆறும் கண் திறந்துவிட்டன. கடைக்குட்டிதான் எல்லாரையும் கடித்தது. கூரையில் வௌவால் கிடையாது, விசிற வேண்டிய வேலையும் கிடையாது.

கோமளா வந்து வாசலில் நின்றாள். "என்னங்க இது, உங்க கூரையில போய்க் குப்பை..." என்று ஆரம்பித்தாள். அவள் முகத்தில் உள்ளிருந்து ஒரு குளிர்ந்த காற்று அடித்தது. பேச்சை நிறுத்திவிட்டு ஒரு அடி உள்ளே வந்தாள். பிறகு இன்னொரு அடி. பிறகு கேட்காமலே உட்கார்ந்துவிட்டாள்.

அந்த நேரம் பார்த்துக் கனகசபாபதி மறுபரிசோதனைக்கு வந்தது. வாசலிலேயே ஒரு தும்மல் போட்டது.

"அம்மா, வீட்டை என்ன பண்ணி வச்சிருக்கீங்க?"

"உள்ளே வந்து படுத்துப் பாருங்க சார். முறைன்னு ஒண்ணு இருக்கில்ல?"

ஓணான் படுத்தது. பல் தந்தியடித்தது. எழுந்து போய் ஒரு நட்சத்திரத்தைப் பெயர்த்தது. அடுத்த அறையில் படுத்தது, வால் விறைத்தது, இன்னொன்றைப் பெயர்த்தது. ஒவ்வொரு நட்சத்திரம் விழும்போதும் கோமளா "ஐயோ பாவம்" என்று நாக்கைச் சப்புக் கொட்டினாள். மரகதவல்லியோ அறை அறையாகக் கூடவே போய்ப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான்கு போயிற்று. ஓணானால் அதற்குமேல் நிற்க முடியவில்லை. வெயிலைப் பார்த்து ஓடப் போனது.

"சார், கொஞ்சம் இருங்க" என்றாள் மரகதவல்லி. "பின்கட்டுல குட்டிங்க படுக்கிற இடம் பாக்கி. அங்கே வந்து ஒரு தடவை நடுங்கிட்டுப் போயிடுங்க. எனக்கு அதுதான் முக்கியம்."

பின்கட்டில் கனகசபாபதி தரையைத் தொட்டதுமே துள்ளி எழுந்தது. ஐந்தாவது நட்சத்திரத்தைப் பெயர்த்து எடுத்துக்கொண்டு, அருகிலிருந்த பாறைக்குப் போய் ஒட்டிக்கொண்டது. அரை நாள் அது அங்கிருந்து அசையவில்லை.

கோமளா வெறும் வாசலைப் பார்த்தாள். பாறையில் வெடவெடத்துக்கொண்டிருந்த அதிகாரியைப் பார்த்தாள். தூங்குகிற ஆறு குட்டிகளைப் பார்த்தாள். முயலுக்கு மூளை கொஞ்சம் நிதானமாகத்தான் ஓடும்; ஆனால் ஓடிவிடும்.

அந்த வாரக் கடைசியில் கோமளாவும் வீட்டைப் பிரித்துக் கட்டினாள். முடிந்ததும் நேரே பாறைக்குப் போனாள்.

"சார், சிரமம் பார்க்காம ஒரு நடை வரணும். எங்க வீட்டுல படுத்து, உங்களுக்கு எவ்வளவு நடுங்குதுன்னு சொல்லணும்."

அவளுக்குப் பின்னால் கீரி நின்றது. கீரிக்குப் பின்னால் நரி. வரிசை குளத்தின் மறுகரை வரை போனது. கனகசபாபதிக்கு ஒன்றும் விளங்கவில்லை. இருந்தாலும் பழக்க தோஷத்தில் எல்லாருக்கும் தலையை ஆட்டியது.

வீட்டில் வாழப்போகிறவரின் உடம்பைக் கேட்காமல், வந்து போகிறவர் ஒட்டும் நட்சத்திரத்துக்காகக் கட்டுகிற வீடு, அதற்கு எத்தனை பசுமையான பெயர் வைத்தாலும் அடுப்புதான்.